வழுவிலா மென்பொருள்: ஓர் அறிமுகப் பாடம்

'வழு' என்ற சொல்லை நாம் இரண்டு வகுப்பறைகளில் கேட்கிறோம். தமிழ்ப் பாடத்தில் திணை வழு, பால் வழு, கால வழு என்று படிக்கிறோம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் செய்நிரல் எழுதும்போதும் அதே சொல் வந்து நிற்கிறது. 'அவன் வந்தாள்' என்று எழுதினால் தமிழ் ஆசிரியை சிவப்பு மையால் கோடிடுவார். செய்நிரலில் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் கணினி உடனே கோடிட்டுக் காட்டும். இந்த வகை வழு பெரிய ஆபத்து இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, திருத்திவிடுகிறோம்.

'கண்டி கடலோரத்தில் அமைந்த நகரம்' என்ற வசனத்தைப் பாருங்கள். திணை, பால், எண், இடம் எதிலும் வழு இல்லை. இலக்கண ஆசிரியை கோடிட மாட்டார். ஆனால் கூற்று பொய். மென்பொருளிலும் இப்படித்தான். கணினி ஏற்றுக்கொள்கிறது, ஓடுகிறது, விடையும் தருகிறது. அந்த விடை மட்டும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நிலையில் பிழையாக இருக்கிறது. இந்த இரண்டாம் வகை வழுவை முன்கூட்டியே இல்லாமற் செய்ய முடியுமா என்பதுதான் நான் பல்கலைக்கழகத்தில் கற்ற பாடங்களில் என்னை மிகவும் பிடித்துக்கொண்ட பாடம். ஆங்கிலத்தில் 'போர்மல் மெதட்ஸ்' என்பார்கள். நான் இங்கே 'நிரூபண முறைகள்' என்று எழுதுகிறேன். கேத்திரகணிதத் தேற்றத்தை நிரூபிப்பதுபோல ஒரு செய்நிரலையும் நிரூபிப்பது என்பதே அதன் பொருள்.

'எதற்கு நிரூபணம்? ஓட்டிப் பார்த்துச் சோதித்தால் போதாதா?' என்று தங்கைகள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு எண்களை வாங்கி ஒரு விடை தரும் சிறிய செய்நிரல் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணும் 32 பிற்று அளவுடையது. எல்லாச் சோடிகளையும் சோதிக்க வேண்டுமானால் 18,446,744,073,709,551,616 தடவை ஓட்ட வேண்டும். விநாடிக்கு நூறு கோடி சோதனை செய்யும் கணினி இருந்தாலும் முடிக்க ஏறத்தாழ 585 ஆண்டுகள் செல்லும். ஆகவே எந்தச் சோதனையும் மாதிரிச் சோதனைதான். சோதனையால் வழு இருப்பதைக் காட்டலாம், இல்லை என்று காட்ட முடியாது என்பதை நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். அளவையியல் படிக்கும் மாணவிகளுக்கு இது புதிதல்ல. ஆயிரம் வெள்ளை அன்னங்களைக் கண்டாலும் 'எல்லா அன்னங்களும் வெள்ளை' என்று முடிவு செய்ய முடியாது.

இனி நிரூபணத்தைப் பார்ப்போம். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

23 ஈத்தம்பழங்கள் இருக்கின்றன. 5 பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். கணினிக்குப் பெருக்கவும் வகுக்கவும் தெரியாது, கூட்டவும் கழிக்கவும் மட்டுமே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். உம்மா வீட்டில் செய்வதைப் போலவே அதுவும் செய்யும். ஆளுக்கு ஒன்றாக ஒரு சுற்றுக் கொடுக்கும். மிச்சம் போதுமானால் இன்னொரு சுற்று. செய்நிரல் இதுதான்:

மீதி ← மொத்தம்
ஈவு ← 0
மீதி ≥ பேர் ஆக இருக்கும்வரை இவ்விரண்டையும் திரும்பத் திரும்பச் செய்க:
மீதி ← மீதி − பேர்
ஈவு ← ஈவு + 1

23, 5 என்று கொடுத்தால் மீதி 23, 18, 13, 8, 3 என இறங்கும். ஈவு 0, 1, 2, 3, 4 என ஏறும். ஆளுக்கு 4 பழம், மிச்சம் 3. சரிதான். ஆனால் இது ஒரு சோதனை மட்டுமே. எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் சரியா?

இங்கேதான் சூட்சுமம். மாறிக்கொண்டே இருக்கும் இந்த எண்களுக்கு நடுவே மாறாத ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஈவு × பேர் + மீதி எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். 0 × 5 + 23 = 23. 1 × 5 + 18 = 23. 2 × 5 + 13 = 23. எப்போதும் 23. பழம் பெட்டியில் இருந்தாலும் பிள்ளைகளின் கையில் இருந்தாலும் மொத்தம் மாறாது என்ற சின்ன உண்மைதான் இது. இதனை 'மாறாநிலை' என்று அழைப்போம்.

இப்போது எண்களை மறந்துவிட்டு நிரூபிக்கலாம். தொடக்கத்தில் ஈவு 0, மீதி = மொத்தம். ஆகவே மாறாநிலை உண்மை. ஒரு சுற்று நடக்கும்போது மீதி 'பேர்' அளவால் குறைகிறது. ஈவு ஒன்றால் கூடுவதால் ஈவு × பேர் அதே அளவால் கூடுகிறது. கூடியதும் குறைந்ததும் சமம், ஆகவே சுற்றின் பின்னரும் மாறாநிலை உண்மை. போதுமான மிச்சம் இருந்தால் மட்டுமே கழிப்பதால் மீதி ஒருபோதும் மறை எண்ணாகாது. செய்நிரல் நிற்கும்போது மீதி < பேர். ஆகவே இறுதியில் மொத்தம் = ஈவு × பேர் + மீதி, அத்துடன் மீதி பேரை விடச் சிறியது. வகுத்தல் என்பதன் வரைவிலக்கணமே இதுதான்.

இணைந்த கணிதம் படிப்பவர்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள். இது கணிதத் தொகுத்தறிவேதான். முதற்படி உண்மை, ஒரு படி உண்மையானால் அடுத்த படியும் உண்மை. நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை. பிரித்தானியக் கணினி அறிஞர் டொனி ஹோர் 1969இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் நிரூபித்துக் காட்டியதும் இதே கழித்தல்வழி வகுத்தல்தான். ஈத்தம்பழம் மட்டுமே என்னுடையது. அவருக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக அமெரிக்கரான ரொபர்ட் ஃபுளொய்ட் இந்தச் சிந்தனைக்கு வித்திட்டிருந்தார்.

நிரூபணம் முடிந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று கொப்பியை மூடிவிட வேண்டாம். பிள்ளைகள் எவரும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேர் = 0. மீதி ≥ 0 என்பது எப்போதும் உண்மை. செய்நிரல் பூச்சியத்தைக் கழித்துக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. அப்படியானால் நமது நிரூபணம் பிழையா? இல்லை. அது 'செய்நிரல் நின்றால் விடை சரியாக இருக்கும்' என்று மட்டுமே வாக்களித்தது. 'நிற்கும்' என்று வாக்களிக்கவில்லை. அது வேறொரு வாக்கு, அதற்கு வேறொரு நிரூபணம் வேண்டும். அந்த நிரூபணத்தைச் செய்யப் போனால், ஒவ்வொரு சுற்றிலும் மீதி உண்மையிலேயே குறைய வேண்டும், அதற்குப் பேர் பூச்சியத்தை விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுதியே ஆக வேண்டும். அப்படி எழுதப்படும் நிபந்தனைக்கு 'முன்நிபந்தனை' என்று பெயர். இறுதியில் கிடைக்கும் என்று நாம் வாக்களிப்பது 'பின்நிபந்தனை'.

இந்தப் பாடம் எனக்குப் பிடித்ததற்குக் காரணமே இதுதான். வழு பெரும்பாலும் நாம் எழுதியதில் இருப்பதில்லை, எழுதாமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டதில் இருக்கிறது. 'யாராவது பூச்சியம் பேருக்குப் பங்கிடுவார்களா?' என்று நினைத்துக் கடந்து போகிறோம். நிரூபணம் அதை விடாது. மனத்தில் இருப்பதைத் தாளில் வைக்கச் சொல்லும்.

வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1996ஆம் ஆண்டு யூன் 4ஆம் திகதி ஓர் உதாரணம். பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ரொக்கற் முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 விநாடிகளில் திசை மாறிச் சிதறியது. அதிலிருந்த நான்கு ஆய்வுச் செய்மதிகளும் அழிந்தன. திசையைக் கணிக்கும் மென்பொருள் முந்தைய ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அதில் கிடைவேகம் சார்ந்த ஒரு 64 பிற்றுப் பெறுமானம் 16 பிற்று முழுவெண்ணாக மாற்றப்பட்டது. அந்த வகை 16 பிற்று முழுவெண்ணில் 32,767க்கு மேல் எழுத முடியாது. ஏரியான் 4இன் பறப்புப் பாதையில் அந்தப் பெறுமானம் அவ்வளவு உயர வழியே இல்லை. ஏரியான் 5 வேறு விதமாகப் பறந்தது, பெறுமானம் எல்லையைத் தாண்டியது, மென்பொருள் நின்றுபோனது. மாற்றுக் கருவி இருந்தது உண்மைதான். அதிலும் அதே மென்பொருள், அதே வழு. 'இந்தப் பெறுமானம் இவ்வளவுக்குள் இருந்தால் மட்டும் பயன்படுத்துக' என்ற ஒரு வரி முன்நிபந்தனை செய்நிரலோடு ஒட்டி வந்திருந்தால் புதிய ரொக்கற்றில் அதைச் சரிபார்த்திருப்பார்கள்.

ரொக்கற்றில் ஆள் இருக்கவில்லை. தெராக் 25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் கீழ் மனிதர்கள் படுத்திருந்தார்கள். கனடாவில் தயாரான அந்த இயந்திரத்தால் 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு புற்றுநோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். குறைந்தது மூவர் அதனால் உயிரிழந்தனர். பழைய வகை இயந்திரங்களில் தவறு நேர்ந்தால் தடுக்கும் தனிப் பூட்டுகள் இருந்தன. இதில் அந்தப் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டது.

அதிலிருந்த வழுக்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், மாணவிகளுக்கு விளங்கக் கூடியது. கதிர் செல்லும் பாகம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒரு மாறி குறித்தது. பூச்சியம் என்றால் பார்க்கத் தேவையில்லை, வேறெந்த எண் என்றாலும் பார்க்க வேண்டும். 'பார்க்க வேண்டும்' என்று குறிக்க ஒவ்வொரு தடவையும் அந்த மாறியோடு 1ஐக் கூட்டினார்கள். மாறி ஒரு பைற்று அளவுடையது. ஒரு பைற்றில் 255 வரைதான் எழுதலாம், அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் மீண்டும் பூச்சியம். எனவே 256 தடவைக்கு ஒரு தடவை அது 'பார்க்கத் தேவையில்லை' என்றது. சரியாக அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினால் சரிபார்ப்பு இல்லாமலே கதிர் பாயும். 1987 ஜனவரியில் வொஷிங்டன் மாநில வைத்தியசாலையொன்றில் அப்படித்தான் நடந்தது. எத்தனை நாள் சோதித்தால் இந்தக் கணம் அகப்படும்? ஆனால் 'பார்க்க வேண்டிய நிலையில் இந்த மாறி ஒருபோதும் பூச்சியமாகாது' என்ற மாறாநிலையை எழுதி நிரூபிக்க முயன்றால் முதல் பத்து நிமிடத்திலேயே நிரூபணம் 255இல் இடறி விழும். திருத்தமும் எளிது: கூட்டுவதற்குப் பதிலாகப் பூச்சியமல்லாத ஓர் எண்ணை நேரே வைத்தால் போதும்.

இந்த விபத்துகளை ஆராய்ந்து 1993இல் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் நான்சி லெவசன் என்ற பெண் கணினி விஞ்ஞானி. இன்றும் உலகெங்கும் கணினி மாணவர்கள் அந்த ஆய்வைப் படிக்கிறார்கள். நிரூபண முறைகளைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும் சிறந்த கட்டுரையொன்றை 1990இல் எழுதியவரும் பெண்தான், ஜெனட் விங்.

நிரூபணமும் மனிதர் எழுதுவது, அதுவும் ஏமாற்றலாம். அகராதியில் சொல் தேடும்போது நடுப்பக்கத்தைத் திறந்து, சொல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, பாதியைத் தள்ளிவிட்டு மீண்டும் நடுவைத் திறப்போம். 1000 பக்கமானாலும் பத்துத் தடவைக்குள் பக்கம் கிடைத்துவிடும். இதுவே துவிதத் தேடல். ஜொன் பென்ட்லி என்ற அறிஞர் 1986இல் வெளிவந்த தமது நூலில் இதன் செய்நிரலை எழுதி, அது சரியென்று நிரூபித்தும் காட்டினார். 2006இல் ஜொஷுவா ப்ளொக் என்ற பொறியியலாளர் அதில் வழு இருப்பதாக எழுதினார். ஜாவா மொழியின் நூலகத்தில் அவரே எழுதிய துவிதத் தேடலிலும் அதே வழு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது.

நடுப்பக்கம் காணத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். கணிதத்தில் இதில் என்ன குறை? ஒன்றுமில்லை. ஆனால் ஜாவாவில் சாதாரண முழுவெண் 2,147,483,647ஐத் தாண்ட முடியாது. தொடக்கம் 1,500,000,000, முடிவு 2,000,000,000 என்றால் கூட்டுத்தொகை 3,500,000,000. அது எல்லையைத் தாண்டிச் சுழன்று −794,967,296 ஆகிவிடும். அதன் பாதியும் மறை எண். மறைப் பக்க எண்ணை எந்த அகராதியில் திறப்பது? முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதன் பாதியைத் தொடக்கத்தோடு கூட்டினால் 1,750,000,000 ஒழுங்காகக் கிடைக்கும். நீங்கள் உயர்தரத்தில் படிக்கும் பைதன் மொழியில் முழுவெண்ணுக்கு இப்படி எல்லை கிடையாது, ஆகவே அதில் செய்து பார்த்துவிட்டு 'சரியாகத்தானே வருகிறது' என்று எனக்கு எழுத வேண்டாம்.

பென்ட்லியின் நிரூபணத்தில் தருக்கப் பிழை இல்லை. எண்களுக்கு எல்லை இல்லை என்ற எடுகோள் சொல்லாமலே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. இதனால்தான் இன்று நிரூபணத்தைச் சரிபார்க்கும் வேலையைக் கணினியிடமே கொடுக்கிறார்கள். கணினிக்குத் தயவு தாட்சண்யம் இல்லை. 'இது தெரிந்ததுதானே' என்றால் ஏற்காது. எண்ணின் எல்லையைக் கேட்கும், பூச்சியத்தைக் கேட்கும், வெற்று வரிசையைக் கேட்கும்.

இப்படிப் பெரிய அளவில் செய்து முடித்த வேலைகளும் இருக்கின்றன. பாரிஸ் நகரில் 1998இல் திறக்கப்பட்ட 14ஆம் இலக்க மெட்ரோ வழியில் ரயிலுக்குச் சாரதி இல்லை. அதன் பாதுகாப்புக்குரிய மென்பொருள் 'பி' முறை என்ற நிரூபண முறையால் உருவானது. 2009இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'செல் 4' என்ற இயங்குதள மையத்தை நிரூபித்து முடித்தார்கள். செய்நிரல் 8,700 வரி, நிரூபணமோ ஏறத்தாழ 200,000 வரி. ஒருவரே தனியாகச் செய்திருந்தால் இருபது ஆண்டளவு வேலை. இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒன்று தெளிவு: எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. கடையின் விலைப்பட்டியலைக் காட்டும் இணையத்தளத்துக்கு இவ்வளவு உழைப்பு வீண் என்பதே என் எண்ணம். உயிரோ பெருஞ்செல்வமோ தங்கியிருக்கும் இடத்தில்தான் அந்த விலை கொடுக்கத் தகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தால் கணினித் துறைக் கதவு மூடிவிட்டது என்று பலர் எண்ணுகிறீர்கள். கலைப்பிரிவில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்த என் மச்சிக்கு ஒருநாள் ஈத்தம்பழ நிரூபணத்தைச் சொன்னேன். பேர் பூச்சியமானால் என்ன என்று நான் கேட்கும் முன்னரே அவர் கேட்டார். எடுகூற்றுகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதிப் பழகியவர்களுக்கு, சொல்லாமல் விட்டது எது என்று கண் தானாகத் தேடும். பல்கலைக்கழக அனுமதிக்குரிய நிபந்தனைகள் வேறு விடயம், அவற்றை விசாரித்தே முடிவு செய்ய வேண்டும். ஆனால் இந்தக் கலையைக் கற்கத் தேவையான மூளைப் பழக்கம் அளவையியல் வகுப்பிலும் இருக்கிறது, இணைந்த கணித வகுப்பிலும் இருக்கிறது. விலையுயர்ந்த கணினியும் வேண்டியதில்லை. முதல் மூன்று மாதம் தாளும் பென்சிலும் போதும். அதன் பின் 'டஃப்னி' என்ற மொழியை இலவசமாக இறக்கிச் சாதாரண மடிக்கணினியில் நிறுவலாம். முன்நிபந்தனை, பின்நிபந்தனை, மாறாநிலை மூன்றையும் அதிலேயே எழுதலாம், நிரூபணம் நிற்காத வரியை அது சிவப்புக் கோடிட்டுக் காட்டும். இதிலும் சிவப்புக் கோடுதான்! லெஸ்லி லம்போர்ட் உருவாக்கிய 'டி.எல்.ஏ. பிளஸ்' முறையை அமேசன் பொறியியலாளர்கள் தமது பெரிய சேவைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். அவருடைய நூலும் காணொளிப் பாடங்களும் இணையத்தில் இலவசம். எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலத்தைக் கைவிடாதிருக்க வேண்டும்.

இனிப் பயிற்சி. வகுப்பிலுள்ள மாணவிகளின் புள்ளிகள் ஒரு வரிசையாகத் தரப்படுகின்றன. அவற்றுள் பெரியதைக் காணும் செய்நிரலுக்குப் பின்நிபந்தனை எழுதுங்கள். 'விடை, வரிசையிலுள்ள எல்லாப் புள்ளிகளையும் விடப் பெரியது அல்லது சமமானது' என்று எழுதியவர்கள் சற்று நில்லுங்கள். எதைக் கொடுத்தாலும் 1000 என்று விடை சொல்லும் சோம்பேறிச் செய்நிரலும் இந்த வாக்கை நிறைவேற்றிவிடுகிறது. இன்னும் எதைச் சேர்த்தால் அது மாட்டிக்கொள்ளும்?

அதை எழுதியபின், புள்ளிகளை ஏறுவரிசைப்படுத்தும் செய்நிரலுக்கும் எழுதுங்கள். 'விடை ஏறுவரிசையில் இருக்கும்' என்பது போதாது, 1, 2, 3 என்று தன்பாட்டில் எழுதித் தரும் செய்நிரல் ஒன்று அதற்கும் இருக்கிறது. பின்னர் இரண்டுக்கும் முன்நிபந்தனை எழுதுங்கள். மழை நாளில் வகுப்புக்கு ஒருவரும் வராமல் வரிசை வெறுமையாக இருந்தால், இவ்விரண்டில் ஒரு செய்நிரலுக்கு அதனால் பிரச்சினை இல்லை, மற்றதற்கு விடையே கிடையாது. எதற்கு, ஏன் என்று இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள்.